ரூம்மேட்டுக்குத் தெரியும், வார்டனுக்குத் தெரியாது

கல்லூரி விடுதியில் ஒரு பையன் போதைக்குப் பழகிவிட்டால் அது முதலில் தெரிவது அவனுடைய ரூம்மேட்டுக்குத்தான். அம்மா அப்பாவுக்குத் தீபாவளி விடுமுறையில் ஏதோ சரியில்லை என்று தோன்றும். துறைத்தலைவருக்கு அட்டெண்டன்ஸ் பட்டியல் கைக்கு வரும்போது தெரியும். வார்டனுக்குப் பெரும்பாலும் ஏதாவது விபரீதம் நடந்த பிறகுதான் தெரியும். ரூம்மேட்டுக்கு முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். அவன் காலையில் எழுந்திருக்காதது, மெஸ்ஸுக்கு வராதது, இருநூறு முந்நூறு என்று கடன் கேட்பது, வாங்கியதையே மறந்துபோவது, பாத்ரூமுக்குள் போய் அரை மணி நேரம் கதவைத் திறக்காதது, எல்லாம் இவன் கண்முன்னால்தான் நடக்கிறது.

ஆனாலும் அவன் யாரிடமும் சொல்வதில்லை. நான் ஒரு கல்லூரி விடுதியில் சில ஆண்டுகள் துணை வார்டனாக இருந்தேன். ஒவ்வொரு முறையும் விஷயம் முற்றிய பிறகு அறைத் தோழர்களைக் கூப்பிட்டு, "தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?" என்று கேட்டிருக்கிறேன். ஆள் மாறினாலும் பதில் மாறியதில்லை. "சொன்னா டிசி குடுத்து அனுப்பிருவாங்க சார். அவங்க அப்பா லாரி ஓட்டுறாரு. லோன் போட்டுப் படிக்க வெச்சிருக்காரு."

அந்தப் பையன்கள் சொன்னதில் தப்பில்லை. பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. போதைத் தடுப்பு என்ற பெயரில் உறுதிமொழி, பேரணி, பை சோதனை, நோட்டீஸ் என்று எவ்வளவோ செய்கிறோம். டிசி பயம் ஒன்று இருக்கும்வரை, தெரிந்தவன் தெரியாதவனிடம் சொல்லமாட்டான். தகவல் வராத இடத்தில் தடுப்பும் நடக்காது, சிகிச்சையும் நடக்காது. கல்லூரிகள் இந்தப் பிரச்சினையைக் கையாளும் விதத்தில் நான் பார்த்த மிகப்பெரிய ஓட்டை இதுதான். மற்ற எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடிகிறது.

சரி, மாணவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள்? போதை என்றதும் எல்லோரும் கஞ்சாவுக்குப் போய்விடுகிறார்கள். எண்ணிக்கையில் முதலிடம் மதுவுக்குத்தான். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 சதவீதம் பேர் மது அருந்துவதாகத் தெரிந்தது. கஞ்சா, பாங்கு வகைகளைப் பயன்படுத்துவோர் 2.8 சதவீதம். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது விதி. இளங்கலை மாணவர்களில் பெரும்பாலோர் அந்த வயதைத் தொடாதவர்கள். பிறந்தநாள் ட்ரீட், செமஸ்டர் கடைசி நாள், கிரிக்கெட் மேட்ச் என்று ஏதாவது ஒரு சாக்கில்தான் முதல் கிளாஸ் கைக்கு வருகிறது. வாங்கிக் கொடுப்பது சீனியர், இல்லையென்றால் ஊர்க்கார அண்ணன்.

அடுத்தது புகையிலை. சிகரெட்டாவது நாறிக் காட்டிக்கொடுத்துவிடும். உதட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளும் கூல் லிப் போன்ற பொட்டலங்கள் வகுப்பறையிலேயே வாயில் இருக்கும், பாடம் நடத்துகிறவருக்குத் தெரியாது. குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை இருக்கிறது. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜ தூரத்துக்குள் புகையிலைப் பொருளே விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் 2024-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மாணவர்களிடம் பரவும் கூல் லிப்பை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்கும் நிலைதான் இருந்தது.

கஞ்சாவைப் பற்றி மாணவர்களிடம் இருக்கும் நம்பிக்கை, "அது செடிதானே சார், கெமிக்கல் இல்லையே" என்பது. மனச்சிதைவு போன்ற நோய்கள் முதன்முதலாகத் தலைகாட்டுவது பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலிருந்து முப்பது வயதுக்குள். அந்த வாய்ப்பு உடம்பில் ஏற்கெனவே இருக்கும் ஒருவருக்கு, தொடர்ந்து கஞ்சா புகைப்பது அதைக் கிளப்பிவிடக்கூடும். யாருக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது என்பது புகைக்கும் முன்னால் யாருக்கும் தெரியாது. திட்டமிடுவதும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதும் மூளையின் முன்பகுதி வேலை. அது முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. கல்லூரிப் பருவம் முடிந்த பிறகுதான் பிரேக் சரியாகப் பிடிக்க ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது மாத்திரைகள். டிரமடால் என்ற வலிநிவாரணி 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதன்பிறகு தமிழ்நாட்டில் காவல்துறை பறிமுதல் செய்யும் மாத்திரைகளில் டேபென்டடால் அடிக்கடி வருகிறது. இது ஓபியாய்டு வகை, அபினின் உறவுக்காரன். மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையைக் கட்டியாகப் பிடித்துவைக்கச் சேர்க்கும் மாவுப்பொருட்கள் ரத்தக்குழாய்க்குள் போவதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. ரத்தக்குழாய் புண்ணாகிறது, சீழ் பிடிக்கிறது. ஒரே ஊசியை இரண்டு பேர் பயன்படுத்தினால் எச்ஐவியும் ஹெபடைடிஸ் சியும் பரவும். கடைக்காரர் விற்ற அட்டையில் மருந்துக் கம்பெனியின் பெயர் அச்சடித்திருப்பதால், இதைப் போதைப்பொருள் என்றே பல பிள்ளைகள் நினைப்பதில்லை.

உறுதிமொழி ஏன் போதவில்லை

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 26 சர்வதேசப் போதை ஒழிப்பு நாள். 2022 ஆகஸ்ட் 11 அன்று போதைப்பொருள் இல்லாத் தமிழ்நாடு என்று மாநிலம் முழுக்கப் பள்ளி, கல்லூரிகளில் உறுதிமொழி எடுத்தார்கள். போதை எதிர்ப்பு மன்றங்கள் தொடங்கினார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். பேசவே கூடாத விஷயமாக இருந்ததை மேடைக்குக் கொண்டுவந்தது நல்லதுதான். அதோடு நின்றுவிடுவதில்தான் எனக்கு வருத்தம்.

பயமுறுத்திச் சொல்வதால் மட்டும் பழக்கம் குறைவதில்லை என்பதற்குப் பெரிய அளவில் கிடைத்த சான்று அமெரிக்காவில் இருக்கிறது. 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் போலீஸ்காரர்கள் பள்ளிக்கே வந்து போதைக்கு எதிராக வகுப்பெடுக்கும் டேர் என்ற திட்டம் தொடங்கியது. நாடு முழுவதும் பரவியது. பின்னால் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் உட்காராத பிள்ளைகளுக்கும் பழக்கத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கடைசியில் பாடத்திட்டத்தையே மாற்றினார்கள்.

பயனளிப்பதாகத் தெரிந்த வழிகள் இன்னும் எளிமையானவை. ஒன்று, "எல்லாரும் அடிக்கிறாங்க" என்ற எண்ணத்தை உடைப்பது. 1986-இல் பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைக் கவனித்தார்கள். சக மாணவர்கள் குடிப்பதை அவர்கள் உண்மையில் இருப்பதைவிட மிகையாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கற்பனைக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளத்தான் தாங்களும் குடிக்கிறார்கள். நம் ஊரிலும் இது அப்படியே பொருந்தும். மேலே சொன்ன எய்ம்ஸ் ஆய்வில் ஆண்களில் மது அருந்துவோர் 27.3 சதவீதம், பெண்களில் 1.6 சதவீதம். நான்கு ஆண்களில் ஏறக்குறைய மூன்று பேர் குடிப்பதில்லை. ஆனால் குடிக்கிற நான்கு பேர் போடுகிற சத்தம் மொட்டைமாடி முழுக்கக் கேட்கும். அறையில் உட்கார்ந்து படம் பார்க்கிற நாற்பது பேரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்த எண்ணிக்கையை முதலாண்டு மாணவரிடம், அவர் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். சீனியர் கூப்பிடும்போது "இல்லண்ணா, எனக்கு வேணாம்" என்று சொல்வதற்கு, தான் தனி ஆள் இல்லை என்று தெரிந்திருப்பது பெரிய தெம்பு.

இரண்டு, தனியாக உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற பத்துக் கேள்விப் பட்டியல் இருக்கிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள், ஒரே நேரத்தில் எவ்வளவு, மறுநாள் காலை எதுவும் ஞாபகம் இல்லாமல் போனதுண்டா என்ற மாதிரியான கேள்விகள். மதிப்பெண் வந்ததும் உபதேசம் செய்யாமல், அதையே அவர் முன்னால் வைத்து, "இதைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்க வேண்டும். முடிவெடுப்பதை அவரிடமே விடும் இந்தப் பேச்சுமுறையை 1983-இல் வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் எழுதிவைத்தார். இன்றைக்கு உலகம் முழுக்கப் போதை சிகிச்சையில் இது அடிப்படைப் பயிற்சி. இதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஆளும், கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் அறையும் வேண்டும்.

மூன்றாவது உயிர் சம்பந்தப்பட்டது. ஒரு சனிக்கிழமை இரவு இரண்டாம் மாடியில் ஒரு பையன் குடித்துவிட்டு மயங்கிக் கிடந்தான். நண்பர்கள் அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, வாயில் மோரும் எலுமிச்சைச் சாறும் ஊற்றியிருந்தார்கள். தலையில் ஒரு வாளித் தண்ணீர். எல்லாமே கெடுதல். மயக்கத்தில் இருப்பவர் மல்லாக்கப் படுத்து வாந்தியெடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. மூச்சு நிதானமாக வருகிறதா என்று கூடவே இருந்து பார்த்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "ஆம்புலன்ஸ் வந்தா கேட்டுல என்ட்ரி போடுவாங்க சார்" என்றான் ஒருவன். அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-இல் ஒரு விதி கொண்டுவந்தது. போதையில் ஆபத்தான நிலையில் இருப்பவருக்கு உதவி கேட்டுக் கூப்பிட்டால், கூப்பிட்டவர் மீதும் பாதிக்கப்பட்டவர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. அதன்பிறகு உதவி கேட்டு வரும் அழைப்புகள் கூடின. நம் கல்லூரிகளின் விதிமுறைப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி சேர்க்க ஒரு பைசா செலவில்லை.

யாரிடம் போய்ச் சொல்வது

பெரும்பாலான கல்லூரிகளில் மென்டார் முறை உண்டு. ஓர் ஆசிரியருக்கு இருபது மாணவர்கள். ஆளுக்கொரு நோட்டு. அந்த நோட்டுகளை நானே எத்தனையோ நிரப்பியிருக்கிறேன். மாணவரின் பிரச்சினைகள்: இல்லை. வழங்கிய ஆலோசனை: நன்றாகப் படிக்குமாறு கூறப்பட்டது. கையெழுத்து. இருபது நோட்டிலும் இதேதான். மாணவன் பொய் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. இன்டர்னல் மதிப்பெண் போடுகிறவரிடம் உட்கார்ந்து, "சார், நான் மூணு மாசமா மாத்திரை போடுறேன்" என்று எந்த இருபது வயதுப் பையனும் சொல்லமாட்டான். உளவியல் ஆலோசகர் என்று பெயர்ப் பலகை இருக்கிற அறையிலும், உட்கார்ந்திருப்பவர் கூடுதல் பொறுப்பாக அதைப் பார்க்கும் உதவிப் பேராசிரியராக இருந்தால், நிலைமை இதேதான்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் குறித்துப் பிறப்பித்த வழிகாட்டு நெறிமுறைகள் இந்த இடத்தில் முக்கியம். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் தகுதிபெற்ற ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ கட்டாயம் நியமிக்க வேண்டும் என்கிறது அது. ஆள் போட்டால் மட்டும் போதாது. அவர் யாருக்கு அறிக்கை கொடுக்கிறார் என்பதுதான் கேள்வி. மாணவர் சொன்னதை முதல்வரிடம் போய்ச் சொல்கிற ஆலோசகரிடம் இரண்டாவது மாணவர் வரமாட்டார். ஒரே வாரத்தில் விடுதி முழுக்கத் தெரிந்துவிடும்.

மாணவிகள் விஷயத்தில் இது இன்னும் இறுக்கம். ஒரு பெண் இந்தப் பேச்சை எடுத்தாலே அவளுடைய நடத்தை பற்றிய பேச்சாக அதைத் திருப்பிவிடுகிறார்கள். பெண்களுக்கென்று தனி இடவசதி உள்ள மறுவாழ்வு மையங்களும் குறைவு. அதனால் அவர்கள் இன்னும் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

சட்டத்தைப் பற்றி மாணவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தண்டனைப் பகுதி மட்டும். அதுவும் அரைகுறையாக. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் ஒரு கிலோ வரை கஞ்சா வைத்திருப்பது சிறிய அளவு. அதற்கே ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல், வணிக அளவான 20 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் பத்தாண்டு வரை. "ஃப்ரெண்ட்ஸுக்காகச் சேர்த்து வாங்கினேன்" என்பது தற்காப்பு ஆகாது. இதை மாணவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

அதே சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்திய குற்றத்திலோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ சிக்கியிருந்தாலும், தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால் அந்தக் குற்றத்துக்காக வழக்கு நடத்தப்படாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போகலாம். விழிப்புணர்வுக் கூட்டங்களில் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன், ஒரு மேடையிலும் இந்தப் பிரிவை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சிறைத்தண்டனை எத்தனை ஆண்டு என்பது மட்டும் பெரிய எழுத்தில் திரையில் வரும். நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த சுவரொட்டியிலும் அப்படித்தான். விற்பவர்களைப் பற்றித் தகவல் கொடுக்க 10581 பெரிதாக இருந்தது. தனக்கே உதவி தேவைப்படுகிறவர் கூப்பிட வேண்டிய 14446 அதில் இல்லை. மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸ் எண் 14416-உம் இல்லை. இரண்டும் கட்டணமில்லாதவை. அன்று மாலை நானே ஸ்கெட்ச் பேனாவால் கீழே எழுதிவைத்தேன்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருளால் வரும் மனநலக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அப்படியென்றால், சிகிச்சை கேட்பது உரிமை. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்வதும் உரிமை. உடம்பு நோய்க்குக் கொடுப்பதைப் போலவே காப்பீடும் கொடுக்க வேண்டும்.

சிகிச்சையும் அட்டெண்டன்ஸும்

"அவன் நினைச்சா விட்டுரலாம்" என்று பெற்றோர் சொல்வார்கள். நினைத்தாலும் விடுவது ஏன் கடினம் என்பதைப் புரிந்துகொள்ள, நிறுத்திய முதல் சில நாட்களைப் பார்க்க வேண்டும். கஞ்சாவை நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை தொடங்கும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்தில் அடங்கும். ஓபியாய்டு மாத்திரை என்றால் ஒரே நாளுக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், உடம்பு முழுக்க மயிர்க்கூச்செறிதல், கை கால் முறிக்கிற வலி, வயிற்றுப்போக்கு. இரண்டாம் மூன்றாம் நாளில் தாங்க முடியாமல் போகும். பார்க்கிறவர்களுக்கு ஜுரம் மாதிரி இருக்கும். ஒரு மாத்திரை போட்டால் எல்லாம் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரியும். அந்த அறிவோடு ஒருவன் படுத்துக்கிடப்பது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். மதுவிலும் தூக்க மாத்திரையிலும் நிலைமை வேறு. நீண்ட நாள் அதிகமாக எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம். எனவே வீட்டில் அறைக்குள் பூட்டிவைத்து நிறுத்தவைப்பது ஆபத்து. மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல பாரம்பரியம் இருக்கிறது. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் நிறுவனம், குடிப்பதை ஒழுக்கக்கேடாகப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் அதை நோய் என்று சொல்லிச் சிகிச்சை கொடுத்தது. கூடவே குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசியது. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் போதை மீட்புப் பிரிவு உண்டு. 2025-இல் மாநில அரசு கலங்கரை என்ற பெயரில் 25 மையங்களை அரசு மருத்துவமனைகளில் திறந்தது. தனியார் மையம் தேடுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும்: மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறதா? அடித்து, கட்டிவைத்துத் திருத்துகிற இடங்களும் இருக்கின்றன. அங்கே உயிர் போன சம்பவங்கள் செய்தியாக வந்திருக்கின்றன.

ஆனாலும் வருகிறவர்கள் மிகக் குறைவு. அதே எய்ம்ஸ் ஆய்வின்படி மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறார். மாணவர்களுக்கு அதில் ஒரு தனித் தடை இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். செமஸ்டருக்கு 90 வேலை நாட்கள். தேர்வெழுத 75 சதவீத அட்டெண்டன்ஸ் வேண்டும். ஆக, 22 நாள் வராமல் இருக்கலாம். மையத்தில் ஒரு மாதம் தங்கிச் சிகிச்சை எடுத்தால் அந்த 22 நாளும் ஒரேயடியாகக் கரைந்துவிடும். அப்புறம் வாராவாரம் புறநோயாளியாகப் போக வேண்டும், அதுவும் வேலை நாள் காலையில். மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் 65 சதவீதம் வரை சலுகை தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கும், அதை ஆபீஸில் யார் யார் படிப்பார்கள் என்று அவன் பயப்படுகிறான். ஒழுங்காகச் சிகிச்சைக்குப் போகிறவன் செமஸ்டரை இழக்கிறான். பழக்கத்தை மறைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு அட்டெண்டன்ஸ் விழுகிறது. நம் விதி இவர்களில் யாருக்குத் துணைநிற்கிறது என்று கல்லூரி நிர்வாகங்கள் யோசிக்க வேண்டும். நோயின் பெயரை எழுதாமல், இத்தனை நாள் சிகிச்சையில் இருந்தார் என்று மட்டும் சான்றிதழ் வாங்கலாம். ஒரு செமஸ்டர் இடைவெளி விட்டுத் திரும்பிச் சேர்ந்துகொள்ள விதி இருக்கிற பல்கலைக்கழகங்களும் உண்டு. இந்த இரண்டையும் மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பதே பாதி உதவி.

திரும்பி வந்த பிறகுதான் உண்மையான சோதனை. சிகிச்சைக்குப் பிறகு 40 முதல் 60 சதவீதம் பேருக்குப் பழக்கம் மீண்டும் தலைதூக்குகிறது என்று அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் சொல்கிறது. ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் மருந்தை விட்டு நோய் திரும்புகிறவர்களின் அளவும் ஏறத்தாழ இதுதான். பிரஷர் மாத்திரையை விட்ட மாமாவை யாரும் வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை. மாணவன் ஒருமுறை சறுக்கினால் மட்டும், "அப்பவே சொன்னேன்ல" என்கிறோம். இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. சில வாரம் நிறுத்தியிருந்ததால் உடம்பு பழைய அளவைத் தாங்காது. பழைய நினைப்பில் அதே அளவு ஓபியாய்டு எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இதைச் சிகிச்சை முடிந்தவருக்கும் அவர் ரூம்மேட்டுக்கும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சிறுநீர்ச் சோதனை வைத்துப் பிடிக்கலாமே என்று சில நிர்வாகிகள் கேட்பார்கள். தினமும் கஞ்சா புகைத்தவர் நிறுத்தி வாரங்கள் ஆன பிறகும் சோதனையில் தெரியலாம். விட்டுவிட்டவனையும் அது குற்றவாளி என்று காட்டும்.

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1983-இல் மாணவர்களுக்கென்றே மீட்புத் திட்டம் தொடங்கி, 1988-இல் போதையை விட்ட மாணவர்கள் சேர்ந்து தங்க ஒரு விடுதியே திறந்தது. மது இல்லாத தளம், வாராந்திரக் கூட்டம், ஒருவரையொருவர் தெரிந்த பத்துப் பதினைந்து பேர். அவ்வளவுதான். நம் ஊரில் அதற்கு இணையாக ஏற்கெனவே இருப்பது, குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள். தமிழிலேயே நடக்கின்றன, காசு கிடையாது, பெயர் கேட்கமாட்டார்கள். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். இருபது வயதுப் பையன் அந்த அறையில் தன் முகம் மாதிரி ஒரு முகத்தைத் தேடிப்பார்த்துவிட்டு, அடுத்த வாரம் போகமாட்டான்.

எங்கள் விடுதியிலிருந்து சிகிச்சைக்குப் போன ஒருவன், பழைய செமஸ்டர் போய்விட்டாலும், ஜனவரியில் திரும்பி வந்தான். அவனுடைய அப்பா பையோடு அறை வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. அவன் என்னிடம் கேட்டது இரண்டுதான். பழைய அறை வேண்டாம், யாரும் புகைக்காத தளத்தில் ஓர் இடம் வேண்டும். ஆபீஸில் மருத்துவ விடுப்பு என்று மட்டும் எழுத வேண்டும். முதலாவது என் கையில் இருந்தது. இரண்டாவதுக்கு அலுவலகத்தில் வேலை பார்த்த ஓர் அம்மாவிடம் போய்ப் பேசினேன். அவர் ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொடுத்தார்.

பழைய அறையில் கூட இருந்தவர்களில் ஒருவன் தானாகவே கீழ்த்தளத்துக்கு இடம் மாறிக்கொண்டு இவனோடு வந்து சேர்ந்தான். முன்பு ஆறு மாதம் எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தவன் அவன்தான். வியாழக்கிழமை காலை மருத்துவமனைக்கு இரண்டு பேரும் ஒன்றாகப் பஸ் ஏறுவார்கள். மார்ச் மாதத்தில் ஒருநாள் இரவு பத்தரைக்கு அந்தப் பையன் என் கதவைத் தட்டினான். "சார், அவன் இன்னைக்குச் சரியில்ல. பழைய ஆளுங்க போன் பண்ணிக்கிட்டே இருக்காங்க. கொஞ்சம் வந்து பேசுறீங்களா?" செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே போனேன். வழியில் அவன் டிசி பற்றி எதுவும் கேட்கவில்லை.